பார்க்க வந்தவள்

ஜூன் 19, வியாழன்

இன்று முதல் நாள். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடவில்லை. குழந்தைக்குப் பதினாறு நாள். பெண் குழந்தை. பெயர் இன்னும் வைக்கவில்லை, பாப்பா என்கிறார்கள். தாய் அபிநயா, இருபத்தெட்டு வயது, ஐ.டி. வேலையிலிருந்து பிரசவ விடுப்பு. கணவர் தீபன்தான் கதவைத் திறந்தார். பிரசவம் பார்த்த டாக்டர் சொல்லி ஏற்பாடான வீடு என்பதால் மரியாதை அதிகம். என்னை சோபாவில் உட்காரவைத்து ஃபேனை என் பக்கம் திருப்பினார். அபிநயாவின் அம்மா திருச்சியில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறாராம். மாமியார்தான் நாற்பது நாள் வரை கூட இருக்கிறார்.

என்ன செய்யப் போகிறேன் என்று நேற்று என் கணவர் இளங்கோவிடம் விளக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. உளச்சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் எல்லோரும் வாரம் ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு பச்சைக் குழந்தையைப் பார்க்க வேண்டும். பார்ப்பது மட்டும்தான். அங்கே குறிப்பு எடுக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, அவர்களாகக் கேட்டால் ஒழியக் குழந்தையைத் தூக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து அறிக்கை எழுதி, சனிக்கிழமை குழுவில் வாசிக்க வேண்டும். சும்மா உட்காரவும் பயிற்சியா என்றார் இளங்கோ.

அறிக்கையில் சேராத விஷயங்களுக்காக இந்த நோட்டு.

குழந்தை முக்கால்வாசி நேரம் தூங்கியது. உதடு மட்டும் கனவில் பால் குடித்தது. என் மகள் மிருதுளா பிறந்தபோது எனக்குக் காமாலை வந்து, மூன்று மாதம் அவள் வேலூரில் அண்ணி, அதாவது இளங்கோவின் அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள். அதனால் இவ்வளவு சின்னக் குழந்தையை நான் நிதானமாகப் பார்ப்பது ஒருவிதத்தில் இதுதான் முதல் தடவை.

பிளம்பர் இன்றும் வரவில்லை.

ஜூன் 28, சனி

குழு. நாங்கள் நான்கு பேர், நடத்துபவர் பெனிட்டா. என்னைவிட ஆறு வயது சிறியவர். நான் வாசித்து முடித்ததும் ஜோசப் அருள் கை தட்டாத குறை. மிக நன்றாக எழுதுகிறீர்கள் என்றார். பள்ளியில் பதினோரு வருடமாக கவுன்சிலராக அறிக்கை எழுதுகிறேன், இதில் என்ன ஆச்சரியம்.

பெனிட்டா ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதினொன்றேகாலிலிருந்து பதினொன்று நாற்பது வரை என்ன நடந்தது? நான் தாளைப் பார்த்தேன். பால் பாட்டிலைக் கழுவுகிறாள் என்ற வரிக்கு அடுத்து, மாமியார் கோயிலிலிருந்து வந்தார் என்று இருக்கிறது. நடுவில் எதுவும் இல்லை. தூக்கக் கலக்கமாக இருந்திருக்கும் என்றேன். எழுதிக்கொண்டார்.

ஜூலை 10, வியாழன்

அபிநயாவுக்குக் குழந்தையின் மீது ரொம்பப் பிரியம். இன்று முழுவதும் போனில் குழந்தையின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எனக்கும் காட்டினாள். நூற்றுக்கு மேல் இருக்கும். குழந்தை பக்கத்திலேயே பாயில் கிடந்து, காலை உதைத்துக்கொண்டு, அவள் முகம் இருக்கும் திசையில் கண்ணை நகர்த்தியது. பிறகு ஃபேனைப் பார்த்தது. பெயர் மிதுனா என்று வைத்திருக்கிறார்கள். அபிநயா இன்னும் பாப்பா என்றுதான் சொல்கிறாள். சில சமயம் இது என்கிறாள். "இது காலையிலேர்ந்து அழுவுது அக்கா."

அறிக்கையில் 'தாய் குழந்தையின் படங்களை ரசித்துக்கொண்டிருந்தார்' என்று எழுதினேன். எழுதிய பிறகு அந்த 'ரசித்து' சரிதானா என்று தோன்றியது. அடித்தேன். திரும்ப எழுதினேன்.

ஜூலை 17, வியாழன்

மாமியார் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். நாற்பது நாள் கணக்கு முடிந்ததாம். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. எனக்கும் அமைதியாக இருந்தது.

ஜூலை 19, சனி

நான் குழுவுக்குப் போகும் வழியில் டியூஷனில் இறக்கிவிடச் சொன்னாள் மிருதுளா. வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாப்பா என்னதான் செய்யும் என்று கேட்டாள். பார்க்கும், உதைக்கும், கொட்டாவி விடும் என்றேன். ஒரு சிக்னல் தாண்டியது. பிறகு, "என்னை இப்படி ஒரு மணி நேரம் நீ பார்த்ததே இல்லை" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். டிராஃபிக்கைச் சாக்காக வைத்து நான் சாலையையே பார்த்து ஓட்டினேன்.

ஜூலை 31, வியாழன்

இன்று நடந்ததை இங்கேயாவது சரியாக எழுத வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிப் படியில் இறங்கும்போது இரண்டாவது மாடிப் பெண்மணி கதவைத் திறந்து நின்றார். பாப்பாவுக்கு உடம்புக்கு என்ன, அரை மணி நேரமாக விடாமல் அழுததே, நீங்கள் உள்ளேதானே இருந்தீர்கள் என்று கேட்டார். கொஞ்ச நேரம்தான் அழுதது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் அடுப்புல குழம்பு வெச்சு எறக்கிட்டேன்மா. அதுவரைக்கும் அழுகை நிக்கலை."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்க்கிறேன். குழந்தை அழ ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அபிநயா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறித் திரும்பவும் மடித்தாள். குழந்தை பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு என் நினைவில் இருப்பது, குழந்தை தூங்கிவிட்டது, நான் செருப்பு மாட்டுகிறேன். நடுவில் அரை மணி நேரம் நான் எங்கே இருந்தேன்? கண் திறந்துதான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு அன்னப்பறவைப் படம் இருந்தது, அதன் கழுத்து வளைவு முழுக்க நினைவிருக்கிறது.

அறிக்கையில் 'குழந்தை சுமார் ஏழு நிமிடம் அழுதது' என்று எழுதியிருந்தேன். ஏழு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மாற்றவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

காய்ச்சல் என்று சொல்லிக் குழுவுக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை. இட்லிக்கு அரைக்கப் போட்டு, கிரைண்டர் ஓடும் சத்தத்தில் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று இளங்கோ இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை வந்தவர், இந்தப் பயிற்சி உனக்கு அவசியமா செண்பகா என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். சும்மாதான் என்று போய்விட்டார். எங்கள் வீட்டில் சும்மாதான் என்பதற்குப் பல அர்த்தங்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று குழந்தை சிரித்தது. என்னைப் பார்த்து. நான் அபிநயாவைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. கூப்பிடுவதும் தலையிடுவதில் சேருமா? யாரிடம் கேட்பது? இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நேற்று போனபோது கதவு தாழிடாமல் இருந்தது. அபிநயா தலை வாரவில்லை. போன வாரம் போட்டிருந்த அதே நைட்டி. குழந்தை பாயில் விழித்துக்கொண்டிருந்தது. நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. பால் பாக்கெட் வாங்க வேண்டும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"நேத்து குளிப்பாட்ட வாளியில தண்ணி புடிச்சேன் அக்கா. நெறஞ்சு வழிஞ்சுது. இவளக் கையில வெச்சுக்கிட்டு அந்தத் தண்ணியவே பார்த்துட்டு நின்னேன். எவ்ளோ நேரம்னு தெரியல. போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு தோணுச்சு. அப்புறம் அழ ஆரம்பிச்சா. வந்துட்டேன்."

நான் எதுவும் சொல்லவில்லை. விதி என்பதால் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். எனக்கு வாயே வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று முப்பத்தைந்து. மிச்சம் இருபத்தைந்து நிமிடமும் அங்கேயே உட்கார்ந்திருந்து, பன்னிரண்டு அடித்ததும் எழுந்து, வரேன் அபிநயா என்று சொல்லிவிட்டு மூன்று மாடியும் இறங்கினேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றேன். ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. கண்டக்டர் ஏறுறீங்களாம்மா என்று கேட்டார். குடையை அங்கேயே வைத்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தேன். குடை என் கையில்தான் இருந்தது. மூன்றாவது மாடி ஏறிய பிறகுதான் அதைக் கவனித்தேன்.

அபிநயா அதே ஜன்னலில் அப்படியே நின்றாள். குழந்தை அழுது அழுது குரல் கம்மியிருந்தது. எடுக்கட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தாள். எடுத்தேன். பதினோரு வாரக் குழந்தை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எதிர்பார்த்ததைவிடக் கனம். என் தோளில் முகத்தைத் தேய்த்து, விக்கி விக்கி அடங்கியது. அபிநயாவை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். உன்னைத் தனியாக விடமாட்டேன், தீபனைக் கூப்பிடுகிறேன் என்றேன். "சொன்னா திட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

தீபன் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பெனிட்டாவுக்கும் போன் செய்துவிட்டேன். அன்றைக்கே பார்க்கக்கூடிய ஒரு மனநல மருத்துவரின் நம்பரைக் கொடுத்தார். தீபனிடம் வாளி விஷயத்தை அப்படியே சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்தது, பிறகு கோபம் வந்தது. தூக்கம் இல்லை, அதனால் ஏதோ உளறியிருக்கிறாள் என்றார். மூன்று மாதம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் அம்மா சொன்னாராம்.

"நீங்க சும்மா பார்க்கத்தானே வந்தீங்க?" என்றார்.

அதற்கு நான் சொன்னதை யோசித்துச் சொல்லவில்லை. என் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் வேறு யாரோ சொல்லக் கேட்பதைப் போல நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் இதே மாதிரி இருந்துச்சு தம்பி. பதினஞ்சு வருஷம் ஆச்சு. என் பொண்ணுக்கு அப்ப ரெண்டு மாசம். அவள மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல படுக்க வெச்சுட்டுப் பக்கத்துல நின்னேன். என் நாத்தனார் துணி எடுக்க வந்தவங்க பார்த்து வாங்கிட்டாங்க. வெளியில எல்லார்கிட்டயும் காமாலைன்னு சொன்னாங்க. காமாலை இல்ல. தானா சரியாகல. ஆஸ்பத்திரியில வெச்சு வைத்தியம் பண்ணாங்க."

அபிநயா முதல் முறையாக ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். தீபன் சாவியை எடுத்தார். நான்கரை மணிக்கு டாக்டர் அவளைப் பார்த்தார். சேர்த்துக்கொண்டார்கள். குழந்தையும் கூடவே இருக்கலாம் என்றார்கள், ஆனால் ஒரு ஆள் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்தக் கைப்பிடிச் சுவரை நான் மறந்திருந்தேனா, இல்லை மறைத்து வைத்திருந்தேனா? காலையிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன். சுவரின் மேல் காரை பெயர்ந்த இடம்கூடத் தெரிகிறது. இத்தனை வருடமும் அது தெரிந்துதான் இருந்தது என்று தோன்றுகிறது. ஆனால் காமாலை வந்ததும் உண்மை என்றே நேற்று வரை நினைத்தேன். பத்தியச் சாப்பாடு சாப்பிட்டது நினைவிருக்கிறதே. அது யாருடைய பத்தியம்?

ஆகஸ்ட் 23, சனி

குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு நிமிடத்தையும் சொன்னேன். நான் முறையை மீறியதைப் பற்றி ஜோசப் அருள் ஏதோ தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார். பெனிட்டா நீண்ட நேரம் என் பழைய அறிக்கைகளைப் புரட்டினார். இவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்ததால் தானும் மேலே கேட்காமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் விதி எதுவும் கிடையாது என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், அது தன் தவறு என்றார். என்னைத் தனியாக ஒரு சிகிச்சையாளரிடம் போய்ப் பேசச் சொன்னார். சரி என்றேன். அவர் மேல் எனக்குக் கோபமா நன்றியா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இறங்கும் இடத்தைத் தாண்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தீபனிடமிருந்து மெசேஜ். அபிநயா தூங்குகிறாள், அவள் அம்மா கைத்தடியோடு திருச்சியிலிருந்து வந்துவிட்டார். கடைசி வரி: இனிமேல் வர வேண்டாம் மேடம்.

செப்டம்பர் 4, வியாழன்

பதினொரு மணி. துவரம்பருப்பு டப்பாவைத் தேய்த்துக் காயவைத்தேன். பிறகு எல்லா டப்பாவையும் தேய்த்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இளங்கோவிடம் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். எனக்கு நினைவில்லை என்றே எல்லோரும் எண்ணிக்கொண்டார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நானே பக்கத்து வீட்டில் காமாலை என்று சொன்னேனாம், அதைக் கேட்டு இவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்களாம். "நீ கேக்கல. நாங்க சொல்லல. அப்படியே போயிடுச்சு செண்பகா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்போது அவர் தினமும் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி முடித்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து வேலூர் பஸ் என்று அலைந்திருக்கிறார். அதையும் நான் இன்றுதான் கேட்டேன். ஆக, பொய்யைத் தொடங்கியது நான்தான். அல்லது அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்று சொல்ல இனி ஆள் கிடையாது.

அக்டோபர் 12, ஞாயிறு

மிருதுளாவிடம் சொல்லிவிட்டேன். தனியாகப் பேசப் போகும் இடத்தில் அவசரப்பட வேண்டாம் என்றார்கள். ஆனால் அவள் இந்த நோட்டை எடுக்கப் போக, நான் கத்திவிட்டேன். பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசிவரை கேட்டாள். "நான் விழலல்ல?" என்றாள். விழவில்லை என்றேன். சரி என்று ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிட வரவில்லை.

அக்டோபர் 15, புதன்

இன்னும் சரியாகப் பேசவில்லை. காலையில் ஷூ மாட்டும்போது, அப்பாவுக்கும் அத்தைக்கும் முதலிலிருந்தே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது என்றாள். எனக்கும்தான் என்று சொல்ல வந்து, டிபன் பையை எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி போனது. அண்ணி வேலூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிரசம் பாகு பதம் பற்றி நிறையப் பேசினோம்.

நவம்பர் 6, வியாழன்

அபிநயா போன் செய்து கூப்பிட்டாள். போனேன்.

மெலிந்திருக்கிறாள். மருந்து கொஞ்சம் கை நடுக்கம் கொடுக்கிறதாம். அவள் அம்மா சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மிதுனா ஐந்து மாதம் முடிந்து, குப்புற விழுந்து, தலையை நிமிர்த்தி, என்னை யாரோ என்று பார்த்தாள். அபிநயா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தீபன் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்றைக்கு அப்படி மெசேஜ் போட்டிருக்கக் கூடாது என்றார். பரவாயில்லை என்றேன்.

அபிநயா என்னிடம் கேட்க ஒரு விஷயம் வைத்திருந்தாள்.

"அந்த ரெண்டு மாசம் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல அக்கா. போட்டோ இருக்கு, பார்த்தா யார் குழந்தையோ மாதிரி இருக்கு. நீங்க வாராவாரம் பார்த்தீங்கல்ல. எழுதி வேற வெச்சிருக்கீங்க. இவ எப்படி இருந்தான்னு சொல்லுங்க."

எல்லாவற்றையுமா என்று கேட்டேன். அழுதபோது நான் இவளை எடுக்காததையும் எழுதியிருக்கிறீர்களா என்றாள். சிலதை எழுதினேன், சிலதை எழுதாமல் விட்டேன் என்றேன். "ரெண்டையும் சொல்லுங்க."

சொன்னேன். ஐந்தாவது வாரம் தும்மல் வந்தால் தும்மிவிட்டுத் தானே பயந்து கையை விரிப்பாள். ஆறாவது வாரம் இடது கையை மட்டும் வாயில் வைக்கத் தெரிந்தது, வலது கை வழி தவறி மூக்கில் இடிக்கும். அழுதாள், நீ துணி மடித்தாய், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எட்டாவது வாரம் நீ சமையலறையில் குக்கர் மூடியைத் தேடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாய், இவள் உதைப்பதை நிறுத்திவிட்டு உன் குரல் முடியும் வரை அசையாமல் கேட்டாள். அபிநயா அழுதாள். நிறுத்தட்டுமா என்றால் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகிவிட்டது. அவள் அம்மாவும் கீரையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்.

திரும்பி வரும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம், அதுவும் இப்படி நொந்து மீண்டவளிடம், பொறாமை. அதைப் பஸ்ஸில் உட்கார்ந்து கூச்சத்தோடு நினைத்துப் பார்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் அண்ணிக்குப் போன் செய்தேன். மிருதுளா டைனிங் டேபிளில் படித்துக்கொண்டிருந்தாள். வேறு அறைக்குப் போகலாம் என்று எழுந்து, போகாமல் அங்கேயே உட்கார்ந்தேன்.

அண்ணி, மிருதுளா உங்களிடம் இருந்த அந்த மூன்று மாதம் எப்படி இருந்தாள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கறியா செண்பகா" என்றார். கோபம் இல்லை.

மிருதுளா பேனாவைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, நடுவில் வைத்தாள். "ஃபர்ஸ்ட்லேர்ந்து சொல்லுங்க அத்தை. நானும் இருக்கேன்."

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன்னை உங்கம்மா துப்பட்டாவுல சுத்தித்தான் காருல தூக்கிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல அவசரத்துல கெடச்சது அதுதான். வேலூர் வர்ற வரைக்கும் அத நீ விடவே இல்ல. வீட்டுக்கு வந்து மெத்தையில போட்டு உருவிப் பார்த்தா, அழுது ஊரக் கூட்டிட்ட. சரி, வெச்சுக்கோன்னு விட்டுட்டேன். அத மூஞ்சில போட்டாத்தான் தூக்கம். பால் கொட்டி, வாந்தி எடுத்து, நாறிப் போச்சு. உங்க மாமா தொவைச்சுப் போடுன்னு தெனமும் சத்தம் போடுவார். நான் தொவைக்கல."

ஏன் என்று கேட்டாள் மிருதுளா.

"தொவைச்சா உங்கம்மா வாசனை போயிடுமேடி."

மிருதுளா என்னைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துப்பட்டாவை நான் எவ்வளவு யோசித்தும் எனக்குக் கிடைக்கவில்லை. என்ன நிறம் அண்ணி என்று கேட்டேன்.

அண்ணிக்கு நினைவிருந்தது.